மேல் கதவும் கீழ்க் கதவும்

வீடு கட்டத் தொடங்குகிற கிருகஸ்தர்கள் வாசற்காலுக்குச் செய்கிற உபசாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஜன்னல்களுக்குச் செய்வதில்லை. வாசற்கால் நிறுத்துவதற்கு நாளும் நேரமும் பார்த்து, மஞ்சளும் குங்குமமும் பூசி, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் நாணயமும் இட்டு, தச்சருக்கு வேஷ்டியும் வெற்றிலை பாக்கும் கொடுத்து அந்தக் காரியத்தை ஒரு சிறிய கல்யாணமாகவே நடத்தி முடிக்கிறோம், ஜன்னலோ, சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகு, "இங்கே ஒன்று வைக்கலாமா?" என்று கொத்தனார் கேட்க, வேறு யோசனையில் இருக்கும் வீட்டுக்காரர் "வையுங்கள்" என்று சொல்லிவிடுகிற அந்தக் கணத்தில் ஜனனமாகிவிடுகிறது. வாசற்கதவுக்கு உள்ளவை திறப்பது, மூடுவது என்ற இரண்டே தொழில்கள். ஜன்னல் கதவுக்கோ காற்று, வெளிச்சம், வெயில், மழை, தெருவில் போகிறவர்களின் பார்வை என்ற ஐந்து பேரோடும் ஒரே சமயத்தில் வியவகாரம். இவர்களில் முதல் இருவரை உள்ளே அழைத்துக்கொண்டு, மற்ற மூவரையும் முகம் கோணாமல் வெளியே நிறுத்த வேண்டிய பொறுப்பு அதனுடையது. அந்தப் பொறுப்பை நன்றாக நிர்வகிக்கத் தெரிந்த ஒரு ஜன்னலோடு பாலியத்தைக் கழித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்துக்கு அருகே, காவிரியின் தென்கரைக் கிராமம் ஒன்றில் எங்கள் பூர்விக வீடு கிழக்குப் பார்த்து நின்றது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று அந்தப் பக்கத்து வீடுகளுக்கு உரிய வரிசையில் ஒன்றும் குறையாத அந்த வீட்டில், திண்ணையை ஒட்டிய காமரா உள்ளுக்கு மட்டும் தெருவைப் பார்த்து ஓர் அகலமான ஜன்னல் இருந்தது. செங்குத்தான இரும்புக் கம்பிகள் நிலையில் பதிந்திருக்க, அவற்றுக்கு உட்புறத்தில், அறைக்குள்ளே திறக்கும்படியாகக் கதவுகள் மாட்டியிருந்தன. நிலையின் நடுவில் ஓடிய ஒரு குறுக்குச் சட்டத்துக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று மொத்தம் நான்கு கதவுகள். நான்குக்கும் தனித்தனிக் கீல்கள், தனித்தனித் தாழ்ப்பாள்கள். கொல்லையில் நின்ற பலா மரத்தையே அறுத்துச் செய்த கதவுகள் என்று சொல்வார்கள். புதிதில் மஞ்சளாக இருக்கிற பலா, ஆண்டுகள் செல்லச் செல்லச் சிவந்து கறுத்து, என் பிராயத்தில் நன்றாக முதிர்ந்த செம்பழுப்பு நிறத்தை அடைந்திருந்தது.

அந்த நான்கு கதவுகளும் என் பாட்டியின் ஆளுகைக்கு உட்பட்டவை. விடியற்காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்ததும் அவள் நான்கையும் திறந்துவிடுவாள். தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கியதும் கீழ்க் கதவுகள் இரண்டும் சாத்தப்படும். வெயில் திண்ணையைத் தாண்டி நிலையைத் தொடுகிற போது மேல் கதவுகளில் ஒன்றும், சற்றுப் பொறுத்து மற்றொன்றும் சாத்தப்படும். மாலையில் இதே சடங்கு தலைகீழாக நடக்கும். விளக்கேற்றுகிற நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வாசற்கதவைத் திறந்து வைப்பது எல்லா வீடுகளிலும் உள்ள சம்பிரதாயந்தான். ஆனால் அதே நேரத்தில் காமரா உள்ளின் கீழ்க் கதவுகளைச் சாத்தி, மேல் கதவுகளை மட்டும் இரவு முழுவதும் திறந்து வைக்க வேண்டும் என்பது பாட்டியின் சொந்தச் சட்டம். பகலெல்லாம் ஓட்டுக் கூரையின் அடியில் தங்கிய உஷ்ணக் காற்று மேலேதான் ஏறி நிற்கும், அது வெளியேறுவதற்கு மேலேதான் வழி வேண்டும் என்ற பௌதிக சாஸ்திர உண்மையை நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தெரிந்துகொண்டபோது, எழுத்தறியாத பாட்டி அதை எந்தப் பள்ளியில் படித்தாள் என்று வியந்ததுண்டு. கீழ்க் கதவு சாத்தியிருந்ததால், உள்ளே பாயில் படுத்திருப்பவர்களைத் தெருவில் போகிறவர்கள் பார்க்க முடியாது. மேல் கதவு திறந்திருந்ததால், படுத்திருப்பவர்களுக்கு ஆகாயமும் இரண்டொரு நட்சத்திரங்களும் தெரியும். மானத்துக்கும் காற்றுக்கும் ஒரே சமயத்தில் இடம் கொடுத்த அந்த ஏற்பாட்டுக்குச் சமானமான ஒன்றை, பிற்காலத்தில் எத்தனையோ வீடுகளில் குடியிருந்தும் நான் காணவில்லை.

அந்தக் கதவுகளைப் பற்றி எனக்கு இருக்கிற ஞாபகங்களில் மிகவும் பிரகாசமானது இருட்டைச் சேர்ந்தது. கீழ்க் கதவு ஒன்றில், மரத்தின் கணு உலர்ந்து உதிர்ந்த இடத்தில், கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு துளை விழுந்திருந்தது. சித்திரை, வைகாசி மாதங்களில், உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு, நான்கு கதவுகளையும் சாத்திவிட்டுக் குழந்தைகளை வலுக்கட்டாயமாகப் படுக்க வைக்கிற அந்த வேளையில், எதிர்ச் சாரி வீடுகளின் மீது வெயில் முழுக்க விழுந்திருக்கும். எங்கள் அறையிலோ கை தெரியாத இருட்டு. அப்போது அந்தத் துளைக்கு எதிரே இருந்த வெள்ளைச் சுவரில் தெரு முழுவதும் தலைகீழாக வந்து விழும். ஓட்டுக் கூரைகள் கீழே இருக்கும், திண்ணைகள் மேலே இருக்கும்; அவற்றினிடையே பாரவண்டி ஒன்று சக்கரம் மேலாகவும், மாடுகள் கொம்பு கீழாகவும், ஓசைக்கும் உருவத்துக்கும் சம்பந்தமில்லாதது போல் மெல்ல நகர்ந்து போகும். வண்டி தெருவில் வடக்கே போனால் சுவரில் தெற்கே போகும். மோர் விற்பவளின் சிவப்புப் புடவைகூடச் சிவப்பாகவே தெரியும். பேய் பிசாசு என்று நாங்கள் கூச்சலிட்டபோது பாட்டி அசையவில்லை. "தெரு தலைகீழாகப் போனால் போகட்டும், நீ கண்ணை மூடிக்கொண்டு படு" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் தூங்கிப் போனாள். புகைப்படக் கருவியின் ஆதி வடிவமே இதுதான் என்று சயன்ஸ் வாத்தியார் பின்னால் விளக்கினார். ஒளி நேர்கோட்டில் செல்வதால், கூரையிலிருந்து வரும் கிரணம் சிறு துளை வழியே நுழைந்து சுவரின் அடிப்பாகத்தையும், தரையிலிருந்து வரும் கிரணம் மேற்பாகத்தையும் அடைகிறது. பழுது பார்க்க வந்த தச்சர் அந்தத் துளையில் ஒரு மர முளையை அடித்துவிட வேண்டும் என்று துடித்தபோது, எங்கள் அழுகைக்கு இரங்கி அதை அப்படியே விட்டுவிடச் சொன்னவளும் பாட்டிதான்.

உத்தியோக நிமித்தம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் ஒரு மாடியறையில் குடியேறிய காலம் யுத்த காலம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்ற வதந்தியில் பாதி நகரம் மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறியது. இருட்டடிப்பு உத்தரவு வந்தவுடன், கண்ணாடி ஜன்னல்களால் நாகரிகமாக விளங்கிய வீடுகளுக்கெல்லாம் சங்கடம் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் கசியாதிருக்கக் கறுப்புக் காகிதமும், அதிர்ச்சியில் கண்ணாடி சிதறாதிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் காகித நாடாவும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். என் அறைக்கு இருந்த பழைய மரக் கதவுகளைச் சாத்தித் தாழிட்டதோடு என் தேசக் கடமை முடிந்தது. ரங்கூன் போனதோடு பர்மாத் தேக்கின் வரவும் நின்றது. அதன் பலாபலனைப் பிற்பாடு வீடு கட்டும்போது அனுபவித்தேன்.

மரக் கதவின் பக்ஷத்தையே பேசிக்கொண்டு போனால் நியாயமாகாது. புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த 1954க்குப் பிறகு சில காலம் எனக்கு அங்கே வேலை. கால்வாய்க்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வீதிகளுள் ஒன்றில், மேல்மாடி ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். ஆள் உயர ஜன்னல்கள். வெளிப்புறத்தில், மெல்லிய பலகைகளைச் சாய்வாக ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிய, சென்னையில் வெனிஷியன் என்று வழங்குகிற கதவுகள். உட்புறத்தில் கண்ணாடிக் கதவுகள். மத்தியானம் வெளிக் கதவைச் சாத்தினால் தரையில் வெயில் கோடு கோடாக விழும்; கடற்காற்று அந்தச் சந்துகளின் வழியே சீறிக்கொண்டு வரும்; தெருவில் போகிறவர் யார் என்று நமக்குத் தெரியும், நாம் இருப்பது அவருக்குத் தெரியாது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறித்துவிடுகிற கதவு, கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு மறிக்கிற கதவைக் காட்டிலும் அறையைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் என்பது மறுக்க முடியாத விஷயம். கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற மரம் வெயிலில் சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே கக்கிவிடும். ஆகவே கண்ணாடியும் வேண்டும், மரமும் வேண்டும் என்கிறவர்கள் பிரெஞ்சுக்காரர்களைப் பின்பற்றுவதே விவேகம். ஆனால் அந்தச் சாய்வுப் பலகைகளைத் துடைக்கிற பாக்கியம் எங்களுக்கே கிடைத்தது. ஒவ்வொரு பலகையிலும் புழுதியும் உப்புப் பிசுக்கும் படியும். ஈரத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்து முடிப்பதற்குள் முதலில் துடைத்தது மறுபடி அழுக்காகியிருக்கும். என் மனைவி அந்த ஊரைப் பற்றிக் கடைசிவரை வைத்திருந்த ஒரே குறை அதுதான்.

அந்த ஊரில் அரவிந்தாசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டா என்ற விடுதியைப் பார்க்கிற சந்தர்ப்பம் வாய்த்தது. ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து, ஜார்ஜ் நகாஷிமா முதலியவர்கள் உடனிருந்து கட்டிய அந்தக் கட்டடத்துக்கு, ஹைதராபாத் நிஜாமின் கொடை உதவியதால் அந்தப் பெயர் வந்தது. அதற்கு ஜன்னல் என்று தனியாக ஒன்றும் இல்லை. சுவர் முழுவதுமே திருப்பக்கூடிய கிடைத் தகடுகளால் ஆனது. அறைகளின் உட்புறத்திலோ தேக்குப் பட்டிகளைச் சந்துவிட்டு இணைத்த நகரும் கதவுகள். அவை மூடியிருந்தாலும் காற்று தடைப்படுவதில்லை. காற்றாடியே இல்லாத அந்த நிழலில் சிறிது நேரம் நின்ற பிறகு, காற்றை அறிந்து வீடு கட்டுவதற்குப் பழைய காலந்தான் வேண்டும் என்ற என் அபிப்பிராயத்தை ஓரளவு தளர்த்திக்கொண்டேன்.

1960ஐ ஒட்டி, சென்னைக்குத் தெற்கே, மின்சார ரயில் பாதையின் ஓரமாக ஒரு மனை வாங்கி வீடு கட்டத் துணிந்தபோதுதான் எனக்கும் என் மருமானுக்கும் தர்க்கம் ஏற்பட்டது. அவன் பொறியியல் படித்தவன். இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக, வெளியே திறக்கிற ஜன்னல்களைத் தவிர வேறெதையும் அவன் ஜன்னலாக ஒப்புக்கொள்வதில்லை.

"மாமா, மழை பெய்கிறபோது மரக் கதவைச் சாத்தினால் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். கண்ணாடியானால் மழையும் வராது, வெளிச்சமும் போகாது" என்றான்.

அது வாஸ்தவம். ஆனால் திருடர் பயத்துக்காகக் கம்பி வைக்காமல் நம் ஊரில் வீடு இல்லை; கம்பிக்கு வெளியே கதவு திறந்தால், திடீரென்று காற்றும் மழையும் வருகிறபோது கம்பிகளின் இடுக்கில் கையை நுழைத்து, படபடவென்று அடித்துக்கொள்கிற கதவை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. உட்பக்கம் திறக்கிற கதவை ஒரு குழந்தைகூட நின்ற இடத்திலிருந்து சாத்திவிடும். கொசுவலை அடிக்க வேண்டுமானால் கம்பியோடு சேர்த்து வெளியே அடித்துவிடலாம். கதவை ஆள்வதற்கு அது குறுக்கே நிற்பதில்லை. நாங்கள் இருவரும் இப்படி நெடுநேரம் வாதாடிக்கொண்டிருக்க, காப்பி கொண்டுவந்த என் மனைவி, "படிக்கிற அறைக்குக் கண்ணாடி போடுங்கள், படுக்கிற அறைக்கு மரம் போடுங்கள், அடுப்பங்கரையை என்னைக் கேட்காமல் தொடாதீர்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். அதன்படியே நடந்தது.

மரத்துக்கு அலைந்த கதை தனியாக எழுதத் தக்கது. மரவாடியில் கிடைத்த நாட்டுத் தேக்கு பச்சையாக இருந்தது. நன்றாகக் காய்ந்த மரத்துக்குச் சொன்ன விலை என் சேமிப்பைப் பரிகாசம் செய்தது. எங்கள் ஆசாரியார்தான், நகரத்தில் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய பங்களாவின் கதவுகளை வாங்கி அறுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்த பர்மாத் தேக்கு. பல அடுக்கு வர்ணத்தைச் சுரண்டி இழைப்புளியை ஓட்டியதும், அத்தனை வருஷம் கழித்தும் எண்ணெய்ப் பசையும் அதற்கே உரிய காரமான வாசனையும் எழுந்தன. அந்த எண்ணெய்தான் கரையானை அண்டவிடாமல் மரத்தைக் காப்பாற்றுகிறது. "ஐயா, இது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்த மரம். இனி உங்களுக்குத் தொந்தரவு தராது" என்றார் ஆசாரியார், பழைய ஆணித் துளைகளை மரத்தூளும் வஜ்ஜிரமும் குழைத்து அடைத்துக்கொண்டே.

நிலையை எங்கே நிறுத்துவது என்பதிலும் அவர் சொன்னதே நடந்தது. எங்கள் கிராமத்து வீட்டின் சுவர் ஒன்றரை முழத்துக்குக் குறையாத கனம். திறந்த கதவு அந்தக் கனத்துக்குள்ளேயே ஒடுங்கிவிடும். இந்தக் காலத்து ஒன்பது அங்குலச் சுவரில் நிலையை வெளி ஓரமாக வைத்தால், திறந்த கதவு அறைக்குள் நீட்டிக்கொண்டு நின்று, போகிறவர் வருகிறவர் நெற்றியையெல்லாம் பதம் பார்க்கும். ஆகவே நிலையைச் சுவரின் உள்முகத்தோடு சமமாக நிறுத்தி, கதவு முழுக்கத் திரும்பிச் சுவரோடு சுவராய்ப் படியும்படி செய்தார். அதனால் வெளிப்புறத்தில் சுவரின் கனம் மிஞ்சி, கம்பிக்கும் மரத்துக்கும் சிறிது நிழலும் கிடைத்தது. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பது. உட்கதவு அந்த நீரைத் தன் காலடிவரை வரவிட்டுத்தான் தடுக்கும் என்பதால், ஜன்னலின் அடித்தளத்தை வெளிப்பக்கம் சரிவாகப் பூசச் சொல்லிக் கொத்தனாரிடம் சண்டை போட்டவரும் அவரே. கடற்காற்று எட்டுகிற ஊரில் இரும்புக் கீல் துருப்பிடிக்கும் என்று பித்தளைக் கீல் போட்டார். அந்தச் செலவு அப்போது வலித்தது.

வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு வெயிலே கிடையாது என்று நம் ஜனங்கள் நம்புகிறார்கள். பூமத்திய ரேகைக்கு 13 பாகை வடக்கே இருக்கிற சென்னையில், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரைக்கும் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறான். கத்திரி வெயில் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் எங்கள் வடக்கு ஜன்னலின் மேல் கதவுகளைக் காலையிலேயே சாத்திவிடுவது வழக்கமாயிற்று. மாலையில் கடற்காற்று இறங்கியதும் கிழக்கு ஜன்னலில் நான்கும் திறக்கும். மார்கழி விடியலில் கீழே மட்டும் சாத்தி, மேலே ஒரு கதவை ஒருக்களித்து வைப்போம். பாட்டியின் சட்டங்கள் புது ஊருக்கு ஏற்பத் திருத்தங்களோடு இவ்விதம் மறுபடி அமலுக்கு வந்தன.

தொல்லைகளும் உண்டு. இரட்டைக் கதவில் எது முதலில் சாத்த வேண்டியது, எது அதன் மேல் படிய வேண்டியது என்பது வீட்டாருக்குப் பழகிவிடும். விருந்தாளிகளுக்கு ஒருபோதும் விளங்குவதில்லை. கதவு படிகிற சுவரில் படம் மாட்ட முடியாது, அதன் முன்னே பீரோ வைக்க முடியாது. மூன்று ஜன்னல் உள்ள அறையில் சாமான்களுக்கு இடம் கண்டுபிடிப்பது ஒரு வித்தை. திறந்திருக்கும் மேல் கதவின் விளிம்பில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டிவிட்டால், குஞ்சுகள் பறந்து போகிற வரையில் அந்தக் கதவு அவற்றுக்கே சாசனம். அடைமழைக் காலத்தில் எவ்வளவு பழைய மரமும் கொஞ்சம் ஊறி நிலையைப் பிடிக்கும். உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லத் தோன்றும், சொல்லக் கூடாது. மழையில் இழைத்த கதவு பங்குனியில் சந்து விட்டு, எலி நுழைகிற அளவுக்கு இளித்துக்கொண்டு நிற்கும். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டேன். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு தடவை ஓரங்களில் எண்ணெய் தேய்த்து வைப்பதைத் தவிர நான் வேறு வைத்தியம் செய்ததில்லை.

இப்போது எழும்புகிற வீடுகளைப் பார்க்கிறேன். சுவர் அகலத்துக்கு ஒரே கண்ணாடி. அதைத் திறந்தால் தெருவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது என்று அதன் மேல் கனத்த திரை. திரையால் காற்று நின்றுவிடுகிறது என்று இரவும் பகலும் சுழலும் மின்விசிறி. மருமான்கூட ஓய்வு பெற்ற பிறகு தனக்கென்று கட்டிய வீட்டில் படுக்கையறைக்கு மட்டும் மரக் கதவு போட்டுக்கொண்டான். காரணம் கேட்டதற்கு, "மாமி சொன்னது சரிதான்" என்றான்.

புதிதாக மனை முகூர்த்தம் செய்திருக்கிற நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். தேக்கு கிடைக்காவிட்டால் வேம்போ வேங்கையோ போதும். பித்தளைக்கு வசதியில்லாவிட்டால் இரும்புக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொள்ளலாம். ஆனால் கொத்தனார் சுவரை இடுப்பளவுக்கு உயர்த்துவதற்கு முன்பே தச்சரை அழைத்து, ஜன்னல் நிலையில் நடுக் குறுக்குச் சட்டம் ஒன்று வேண்டும், மேலே இரண்டு கதவும் கீழே இரண்டு கதவும் தனித்தனித் தாழ்ப்பாளோடு வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மரமும் கூலியும் கூடும் என்று அவர் தயங்குவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.